மறுபடி எழுத உட்காருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் சிறுகதை எழுதுகிறவள். 1999இல் தொடங்கி 2008 வரை 22 கதைகள் எழுதினேன், அதில் 14 அச்சில் வந்தன. அப்புறம் ஒன்பது வருடம் ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டாவது பிரசவம், அப்பாவின் பக்கவாதம், வேலை மாற்றல் என்று காரணங்கள் இருந்தன. அவையெல்லாம் ஒரு வழியாக அடங்கிய பிறகும் நான்கு வருடம் எழுதாமலேதான் இருந்தேன். 2017இல் மறுபடி உட்கார்ந்தேன். இப்போது மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஆறேழு பேர் கூடி, எழுதியதை வாசித்துக் காட்டிக்கொள்கிறோம். அநேகமாக எல்லோரும் நடுவில் விட்டவர்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பத்து வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் எழுத்து வருமா?

வரும். சும்மா தைரியத்துக்காகச் சொல்லவில்லை, நம் மொழியிலேயே இதற்குச் சாட்சிகள் உண்டு. அ. முத்துலிங்கத்தின் முதல் தொகுப்பு ‘அக்கா’ 1964இல் வந்தது. அடுத்த தொகுப்பு ‘திகடசக்கரம்’ 1995இல்தான். நடுவில் 31 வருடம். வேலை அவரை நாடு நாடாகக் கொண்டுபோனது. எழுத்துக்குத் திரும்பியபோது அந்த நாடுகளெல்லாம் அவர் கதைகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல் வெளிவந்தது. அதன் பிறகு சில வருடங்கள் அவர் எழுதாமல் இருந்தார். எழுபதுகளில் திரும்பி வந்து, 1981இல் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ கொடுத்தார். இந்த இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஒரே மனிதர் எழுதியவை என்று அட்டையைப் பார்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ந. பிச்சமூர்த்தியின் விஷயம். முப்பதுகளில் ‘மணிக்கொடி’ இதழில் புதுக்கவிதைக்கு வழி போட்டவர், பிற்பாடு கவிதையை நீண்ட காலம் விட்டிருந்தார். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது, பிச்சமூர்த்தியின் பழைய கவிதை ஒன்றை எடுத்து முதல் இதழிலேயே மறுபடி அச்சிட்டார். அதைப் பார்த்துப் பல புதியவர்கள் கவிதை எழுத வந்தார்கள். பிச்சமூர்த்தியும் மறுபடி எழுத ஆரம்பித்தார். நாம் எழுதியதை நம் கண்முன் எடுத்து வைக்க ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இவர்களெல்லாம் பெரிய எழுத்தாளர்கள், நமக்கு எப்படிப் பொருந்தும் என்று உடனே கேட்பார்கள். எங்கள் கூட்டத்தில் தபால் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். கல்லூரி ஆண்டு மலரில் இரண்டு கதை எழுதியதோடு சரி, 38 வருடம் கழித்து மூன்றாவது கதையைக் கொண்டுவந்தார். தந்தி வந்தால் தெரு முழுக்க எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பதைப் பற்றிய கதை. அதை 22 வயதில் அவரால் எழுதியிருக்க முடியாது.

முதல் நாள் உட்கார்ந்தால் என்ன எழுதுவது? மண்டை காலியாக இருக்கிறதே.

எங்கள் பாட்டி வீட்டுப் பின்கட்டில் ஒரு அடிபம்பு இருந்தது. ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு எங்காவது போய்வந்தால், எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வரும். உள்ளே தோல் வாஷர் காய்ந்து சுருங்கிப்போயிருக்கும். பாட்டி ஒரு செம்புத் தண்ணீரை மேலே ஊற்றி, “ம், இப்ப அடி” என்பாள். முதல் பத்து அடிக்குக் கைப்பிடி லொடலொடவென்று ஆடும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் ஏறும். செம்மண் நிறத்தில், துரு வாடையோடு தண்ணீர் விழும். அதை யாரும் குடிக்க மாட்டோம், வாழைக்கு விடுவோம். நாலு குடம் போன பிறகு தெளிந்துவிடும்.

அந்த ஒரு செம்புத் தண்ணீர் வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே முதல் வாரம் நீங்கள் சொந்தமாக எழுதவே வேண்டாம். உங்களுக்குப் பிடித்த எழுத்தாளரின் ஒரு பக்கத்தை எடுத்து, கையால், நிதானமாகப் பார்த்து எழுதுங்கள். எங்கே முற்றுப்புள்ளி வைக்கிறார், எங்கே ‘என்றான்’ போடாமலே விடுகிறார் என்பதெல்லாம் படிக்கும்போது தெரியாது, எழுதும்போது தெரியும்.

இரண்டாவது வாரம் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள். கதை வேண்டாம், உவமை வேண்டாம், பார்த்தது மட்டும். 2017இல் நான் முதலில் எழுதியது அம்மாவின் மாத்திரை டப்பாவைப் பற்றி. நீல நிறப் பிளாஸ்டிக் டப்பா, ஏழு நாளைக்கு ஏழு அறை. ஞாயிற்றுக்கிழமை மூடி உடைந்துவிட்டதால் அதன் மேல் ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருப்பாள். புதன்கிழமை அறையில் மட்டும் மாத்திரைக்குப் பக்கத்தில் ஒரு கிராம்பு கிடக்கும். ஏன் என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. எழுதும்போதுதான் கேட்கத் தோன்றியது. “புதன்கிழமை மாத்திரை கசப்புடி” என்றாள். அந்தப் பத்து வரி ரொம்பச் சுமாராகத்தான் இருந்தது, செம்மண் தண்ணீர். ஆனால் அந்தக் கிராம்பு நாலு மாதம் கழித்து ஒரு கதைக்குள் வந்து சேர்ந்தது.

தினமும் எழுத வேண்டுமா? ஒரு நாள் விட்டால் எல்லாம் போய்விடுமா?

வாரத்துக்கு ஐந்து நாள், நாளைக்கு இருபது நிமிடம். திரும்பி வருகிறவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்வதில்லை. ஆரம்ப வேகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மூன்றாம் நாள் காணாமல் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அதை நம்பி 22ஆம் நாளும் கஷ்டமாகவே இருப்பதைப் பார்த்து மனம் உடைகிறவர்கள் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். சாப்பாடு, தண்ணீர், உடற்பயிற்சி போன்ற சின்னப் பழக்கங்கள் தானாக வரும் அளவுக்குப் படிய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். எழுத்து தண்ணீர் குடிப்பதைவிடக் கடினமான காரியம், ஆகவே மூன்று நான்கு மாதம் பொறுத்துத்தான் ஆக வேண்டும். அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. கல்யாணத்துக்குப் போனீர்கள், காய்ச்சல் வந்தது, விட்டுப்போயிற்று. சரி, மறுநாள் உட்காருங்கள். விட்ட நாளுக்கும் சேர்த்து நாற்பது நிமிடம் எழுத வேண்டாம். அந்தப் பாக்கிக் கணக்குதான் ஆளைக் கொல்லும்.

நேரத்தை ஏற்கெனவே நடக்கிற ஒரு வேலையோடு முடிந்துவைப்பது நல்லது. எனக்குக் காலைக் காப்பி. டம்ளரைக் கீழே வைத்ததும் நோட்டு. கடிகாரம் பார்ப்பதே இல்லை.

எத்தனை வார்த்தை எழுதினால் போதும்?

வார்த்தைக் கணக்கு ஆங்கிலத்திலிருந்து வந்த பழக்கம். 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய நானோரைமோ என்ற நாவல் மாதத்தில் (நடத்திய அமைப்பு 2025இல் மூடப்பட்டுவிட்டது), நவம்பர் 30 நாளுக்குள் 50,000 வார்த்தை எழுத வேண்டியிருந்தது. நாளைக்கு 1,667. நம்மவர்களும் அதைப் பார்த்து முயன்று மூச்சு வாங்கியிருக்கிறார்கள். தமிழில் ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகவா’ என்பது ஒரே வார்த்தை. இதையே ஆங்கிலத்தில் சொல்ல ஏழெட்டு வார்த்தை வேண்டும். அந்த 50,000ஐ அப்படியே தமிழுக்கு எடுத்தால் எவ்வளவு பெரிய நாவல் ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். லாங் சைஸ் நோட்டில் ஒரு பக்கம், அல்லது அரைப் பக்கம். போதும்.

வீட்டில் தனி அறை இல்லை, நேரமும் இல்லை. எழுதினால் “என்ன எழுதுற?” என்று எட்டிப் பார்க்கிறார்கள்.

இதைக் கேட்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பெண்கள். பதில் சொல்லும்போது எனக்கும் தொண்டை அடைக்கும், ஏனென்றால் நான் நின்றதற்கும் இது ஒரு காரணம். கவிஞர் சல்மா, குடும்பத்தாருக்குத் தெரியாமல், இரவில் குளியலறையில் நின்றுகொண்டு எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். அப்படி எழுதுவது பெருமைக்குரிய வழி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படி எழுத வேண்டிய நிலை இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

முடிந்தவரை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். “காலை ஆறிலிருந்து ஆறு இருபது வரை நான் எழுதுவேன், அந்த நேரத்தில் என்னைக் கூப்பிட வேண்டாம்.” நான் இதைச் சொன்ன முதல் வாரம், தினமும் யாராவது கூப்பிட்டார்கள். சீப்பு எங்கே, சார்ஜர் எங்கே. இரண்டாவது வாரம் குறைந்தது. ஒன்றரை மாதத்தில் சின்னவன் தன் சீப்பைத் தானே தேட ஆரம்பித்துவிட்டான்.

சொல்ல முடியாத வீடுகளும் இருக்கின்றன. அவர்கள் நூலகத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கிளை நூலகத்தில் பேப்பர் படிக்க வருகிறவர்கள் நடுவில் நீங்கள் நோட்டைத் திறந்து எழுதினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த அமைதி நமக்கும் உதவும். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண், மகனை ஹிந்தி டியூஷனில் விட்டுவிட்டு, அந்த ஒரு மணி நேரம் ஸ்கூட்டியின் மேலேயே உட்கார்ந்து எழுதுகிறாள். ஒரு வருடத்தில் ஐந்து கதை. சீட்டின் மேல் வைத்து எழுதியதால் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

பாதியில் நிறுத்திய நாவல் ஒன்று பெட்டியில் கிடக்கிறது. அதை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன்.

என்னிடமும் ஒன்று இருந்தது. நெசவுத் தெருவைப் பற்றிய நாவல், 140 பக்கம் எழுதி 2008இல் நின்றது. 2017இல் மாத்திரை டப்பாவுக்கு அடுத்து நான் செய்தது, அந்தக் கட்டை அவிழ்த்ததுதான். முதல் அத்தியாயத்தைத் திருத்த ஆரம்பித்தேன். ஐந்து மாதம் திருத்தினேன். ஒவ்வொரு நாளும் பழைய வரி ஒன்றை அடித்து, அதே மாதிரி இன்னொரு வரியைப் போடுவேன். ஒரு பக்கம் முன்னே நகரவில்லை. நாவலின் நாயகனுக்கு 26 வயது. அவனுடைய கோபமெல்லாம் எனக்கு அப்போது நியாயமாகத் தெரிந்திருந்தது. இப்போது அவனுடைய அம்மா பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. அவனை எழுதியவள் வேறு ஒருத்தி. அவளுடைய நாவலை நான் முடித்துக்கொடுக்க முடியாது என்பது புரிய ஐந்து மாதம் ஆயிற்று.

விடுபட்டவர்கள் திரும்பும்போது பெரும்பாலும் பழைய ஆளைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். அன்றைக்கு எழுதிய மாதிரி எழுத வேண்டும், அந்த வேகம் வேண்டும், அந்தத் துடிப்பு வேண்டும் என்று. இந்தப் பத்து வருடத்தில் நீங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருப்பீர்கள், கடன் வாங்கியிருப்பீர்கள், பிள்ளையைத் தூரத்து ஊருக்கு அனுப்பிவிட்டு அவன் தட்டைக் கழுவி வைத்திருப்பீர்கள். இந்த ஆள் எழுத வேண்டியதை எழுதட்டும். பழைய ஆள் எழுதியது அவருடையது, அது அப்படியே இருக்கட்டும்.

ஆகவே மூன்று புதிய சிறுகதைகள் எழுதி முடிக்கும் வரை பழைய கட்டைத் திறக்காதீர்கள். சின்னதாக இருந்தாலும் முடித்திருக்க வேண்டும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு நமக்கு ஆரம்பிப்பதைவிட முடிப்பதுதான் மறந்துபோயிருக்கும். அதற்கப்புறம் கட்டைத் திறந்தால், எது உயிரோடு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். என் 140 பக்கத்தில் மூன்று பக்கம் தேறியது. விடியற்காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும்போது, ஒரு கிழவி அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடி முடிந்துகொண்டே வரும் இடம். நாவலில் அவள் வந்துபோகிறவள்தான், பெயர்கூட இல்லை. அவளை மட்டும் எடுத்து ஒன்பது பக்கக் கதையாக எழுதினேன். நான் எழுதியதில் எனக்கு மனநிறைவு தந்த கதை அதுதான்.

என் பழைய கதைகள் கணினியில் இருக்கின்றன. திறந்தால் கிறுக்கலாகத் தெரிகிறது. போயே போயிற்றா?

போகவில்லை. 2005, 2006 வரை நம்மில் பலர் பாமினி, டிஸ்கி, வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்து வைத்தோம். பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல்லே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். எந்த எழுத்துருவில் அடித்தது என்று கண்டுபிடித்துவிட்டால், யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சுரதாவின் பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் இரண்டும் எனக்கு உதவியிருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ உட்கார்ந்திருக்கும், ‘ஔ’காரம் பிரிந்து கிடக்கும். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். மாற்றி வைத்துவிட்டு, முந்தைய பதிலில் சொன்னபடி மூடிவிடுங்கள்.

கையால் எழுதுவதா, தட்டச்சு செய்வதா, ஃபோனில் பேசிப் பதிவதா?

உட்கார வைப்பது எதுவோ அது. நான் முதல் வரைவைக் கையால் எழுதுகிறேன். ஃபோனில் எழுதுகிறவர்களுக்குச் செல்லினம், ஜிபோர்டு என்று வசதி இருக்கிறது. கணினியில் நிறைய எழுதப்போகிறீர்கள் என்றால் தமிழ்99 விசைப்பலகையை ஒரு மாதம் பழகுங்கள். 1999இல் தமிழக அரசு அங்கீகரித்த அமைப்பு அது. ‘க’வை இரண்டு முறை தட்டினால் ‘க்க’ ஆகிவிடும், ‘ந’வும் ‘த’வும் தட்டினால் ‘ந்த’ ஆகிவிடும், புள்ளி தானாக விழும். ஒலிபெயர்ப்பில் அடிக்கும்போது மனம் ஆங்கில எழுத்தில் யோசித்துவிட்டுத் தமிழுக்கு வருகிறது. தமிழ்99இல் அந்தச் சுற்று இல்லை. முதல் பத்து நாள் எரிச்சலாக இருக்கும், தாண்டிவிடுங்கள்.

பேசிப் பதிவது உரையாடலுக்கு நல்லது. அப்பத்தா பேசுகிற மாதிரி ஒரு வசனம் வேண்டும் என்றால் நானும் பேசித்தான் பார்க்கிறேன். ல, ள, ழ குழப்பங்களைப் பின்னால் திருத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எழுதியதைப் படித்தால் எனக்கே பழைய காலத்துக் கதை மாதிரி இருக்கிறது.

காது பழைய இடத்தில் நிற்கிறது என்று அர்த்தம். ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்ற ஔவை வரியை எல்லோரும் கைப்பழக்கத்துக்காகவே மேற்கோள் காட்டுகிறோம். எனக்கு நாப்பழக்கம்தான் முக்கியமாகப் படுகிறது. எழுதியதை உரக்கப் படியுங்கள். எந்த வாக்கியத்தில் நாக்கு தயங்குகிறதோ, அது நீங்கள் எப்போதோ படித்த ஒரு கதையின் வாக்கியமாக இருக்கும்.

அப்புறம் வெளியே போய்க் கேளுங்கள். என் பழைய கதைகளில் டீக்கடை என்றால் கிளாஸ் கழுவும் சத்தமும் சில்லறைச் சத்தமும்தான். போன மாதம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் அரை மணி நேரம் நின்றேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி, ஆள் பணம் அனுப்ப அனுப்ப, “பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது” என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு பெரியவர் டீயைக் குடித்துவிட்டு, பெட்டி தன் பன்னிரண்டு ரூபாயைச் சொல்லும் வரை கையில் ஃபோனைப் பிடித்தபடி நின்றார். அது சொன்னதும்தான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். 2008இல் இந்த மனிதர் இல்லை. இவரை எழுதினால் கதை இன்றைக்கு வந்துவிடும்.

கதை எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது கவிதை மாதிரி ஏதோ வருகிறது. வரவிடலாமா?

வரவிடுங்கள். நாவலாசிரியர் பெருமாள்முருகன், தன் நாவல் ஒன்றுக்கு எழுந்த எதிர்ப்புகளுக்கு நடுவே 2015 ஜனவரியில் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் எழுத வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கடுத்த மாதம் வெளிவந்தது நாவல் இல்லை, ‘கோழையின் பாடல்கள்’ என்ற கவிதைத் தொகுப்பு. அந்த மௌன காலத்தில் எழுதியவை அவை. ‘பூனாச்சி’ நாவல் அதற்குப் பின்னால்தான். எந்த வடிவத்தில் கை நகர்கிறதோ அந்த வடிவத்தில் வாருங்கள்.

ஒரு மரணத்துக்குப் பிறகு நின்றுவிட்டேன். அதை எழுதினால்தான் மற்றது வருமா?

அப்படிக் கட்டாயம் ஒன்றும் இல்லை. அதை எழுதித்தான் தீர வேண்டும் என்று உங்களிடம் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அப்பா போனதைப் பற்றி நான் இன்றுவரை நேராக எழுதவில்லை. அவருடைய செருப்பு ஒரு கதையில் வந்திருக்கிறது. அவர் இடது கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகிய விதம் வேறொரு கதையில், வேறொரு மனிதருக்குப் போயிருக்கிறது. அவ்வளவு வந்தது. எழுதும்போது உடம்பு நடுங்கினாலோ இரவுத் தூக்கம் கெட்டாலோ நோட்டை மூடிவிட்டு நெருங்கிய ஒருவரிடம் பேசுங்கள், தேவைப்பட்டால் மருத்துவரைப் பாருங்கள். கதை காத்திருக்கும்.

ஏஐயைக் கேட்டு ஆரம்பித்துக்கொள்ளலாமா?

இப்போது நீங்கள் செய்துகொண்டிருப்பது கையைப் பழக்குவது. அதை வேறு யாரையும் செய்யச் சொல்ல முடியாது.

யாரிடம் காட்டுவது? எப்போது இதழுக்கு அனுப்புவது?

முதல் மூன்று மாதம் யாரிடமும் வேண்டாம். முகநூலிலும் போட வேண்டாம். நாற்பது லைக் வந்தால் அதையே மறுபடி எழுதத் தோன்றும், நாலு லைக் வந்தால் எழுதவே தோன்றாது. இரண்டுமே ஆரம்பத்தில் ஆகாது.

அப்புறம் ஒரே ஒரு ஆளிடம் காட்டுங்கள். “நல்லா இருக்கு” என்பவரும் வேண்டாம், “இதெல்லாம் இலக்கியமா” என்பவரும் வேண்டாம். “மூணாவது பக்கத்துல அந்தப் பொண்ணு ஏன் திரும்பிப் போறா, எனக்குப் புரியல” என்று சொல்கிறவர் வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு விதிதான்: வாசித்து முடித்ததும், கேட்டவர்கள் முதலில் தங்கள் நினைவில் நிற்கும் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். குறை எல்லாம் அதற்குப் பிறகு. எந்தக் காட்சியும் யாருக்கும் நிற்கவில்லை என்றால் எழுதியவருக்கே புரிந்துவிடும்.

அனுப்புவதைப் பற்றி. நான் நின்றுபோவதற்கு முன்னால் கடைசியாக ஒரு இதழுக்கு அனுப்பிய கதைக்கு 14 மாதம் பதில் வரவில்லை. வரும், வரும் என்று அடுத்த கதையைத் தொடங்காமல் இருந்தேன். அந்தக் காத்திருப்பிலேயே எழுத்து நின்றுபோனது. பதில் போடாதது அவர்கள் தவறு, காத்திருந்தது என் தவறு. இப்போது அனுப்பிய அன்று சாயங்காலமே அடுத்த கதையின் முதல் பத்தியை எழுதிவிடுகிறேன். அனுப்பிய தேதியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைக்கிறேன். மூன்று மாதம் தாண்டினால் ஒரு வரி விசாரித்து எழுதுவேன். அதற்கும் பதில் இல்லை என்றால் வேறு இதழ். இணைய இதழ்கள் வந்தபின் கதவுகள் நிறையத் திறந்திருக்கின்றன.

மறுபடி நின்றுவிட்டால்?

நிற்கும். எனக்கு 2019 மார்ச்சில் நின்றது. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து நாலு மாதம் படுக்கை. அந்த முறை ஒன்று மட்டும் செய்தேன். நிறுத்திய அன்று, நோட்டில் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, “அம்மா கீழே விழுந்துவிட்டாள், எழுந்து நடந்ததும் வருகிறேன்” என்று குறித்துவைத்தேன். எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தையும் பாதியில் அப்படியே விட்டேன், ‘கதவைத் திறந்தபோது வாசலில்’ என்று. நோட்டை அலமாரிக்குள் வைக்கவில்லை, காப்பிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவ்வப்போது அம்மாவே, “அது எடுத்துப் பாத்தியா?” என்பாள்.

ஜூலை இரண்டாவது வாரம் அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை வந்தாள். மறுநாள் காலையில் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். கோட்டுக்கு மேலே ‘கதவைத் திறந்தபோது வாசலில்’. கோட்டுக்குக் கீழே எழுதினேன்: ‘யாரும் இல்லை, பால் பாக்கெட் மட்டும் கிடந்தது.’